பேசாத பெண் இல்லை

நீங்கள் சாட்சிகள். மறுக்காதீர்கள். புக்கெகோஹித் தேவாலய மண்டபத்தில் நான் ஐந்து நிமிடம் பேசிய அந்த ஒலிநாடாவை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். கேட்டதோடு நிற்காமல் அதைப் பிரதியெடுத்து, ஞாயிறு சொற்பயிற்சி வகுப்பில் சேரும் புதியவர்களுக்கு எதிர்வாதத்தின் எடுத்துக்காட்டாகப் போட்டுக் காட்டுகிறீர்கள் என்றும் அறிந்தேன். போன வாரம் மவுண்ட் வெல்லிங்டன் கடைத்தொகுதியில் உங்களில் ஒருவர் என்னை வழிமறித்து, "அண்ணா, அந்தக் 'கதைக்கிறார், கதைக்கிறார்' எண்ட இடம் இருக்கெல்லோ, அதை நாங்கள் அப்பிடியே பாடமாக்கி வைச்சிருக்கிறம்" என்றார். என் முகம் போன போக்கைக் கண்டு அவரே விலகிப்போனார். அவர்மீது எனக்குக் கோபமில்லை என்று எழுதவே உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. பெரும்பங்கு என்மீது, மிச்சத்தை நீங்கள் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நாடாவில் என் பேச்சும் கைதட்டலும் மட்டுமே பதிந்திருக்கின்றன. தட்டியவர்கள் யார், தட்டாமல் இருந்தவர்கள் யார் என்பது பதியவில்லை. ஆகவே எழுதுகிறேன். இருபத்தெட்டு வயதில் மேடையிலிருந்து ஓய்வுபெற்றவன் என்று என்னைக் கேலி செய்கிறார்கள். செய்யட்டும். ஓய்வின் காரணத்தை இதைப் படித்து முடித்தபின் நீங்களே சொல்லுங்கள்.

அந்த ஆண்டுகளில் நம் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் தேர்தல் இரண்டு படிகளாக நடந்தது. ஒனிஹங்கா, மவுண்ட் வெல்லிங்டன், புக்கெகோஹி என்ற மூன்று கிளைகளும் அடுத்தடுத்த ஞாயிறுகளில் தனித்தனியே கூடி, தலைவர் பதவிக்கு யாரை முன்மொழிவது என்று வாக்களிக்கும். இரண்டு கிளைகளை வென்றவரே பொதுக்கூட்டத்துக்குப் போவார். அங்கே அவருக்கு எதிராள் இருக்கமாட்டார். அமெரிக்க ஜனாதிபதி வேட்பாளர்கள் மாநிலம் மாநிலமாக அலைவதைத் தொலைக்காட்சியில் பார்த்த நம்மவர்கள் இதற்கும் 'பிரைமரி' என்றே பெயர் வைத்தார்கள். பெயரோடு நோயும் வந்து சேர்ந்தது. முதல் ஞாயிறு வென்றவரைச் சுற்றி இரண்டாம் ஞாயிறுக்குள் ஒரு கூட்டம் திரளும். இரண்டாம் ஞாயிறு தோற்றவரின் வீட்டில் தொலைபேசி பழுதோ என்று சந்தேகம் வரும்.

நான் சொல்லும் ஆண்டில் மூவர் நின்றார்கள். ஞானசேகரம் மாஸ்டர் யாழ்ப்பாணத்தவர்; அங்கே கணிதம் படிப்பித்தவர், இங்கே தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பவர். சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு மண்டபம், ஆண்டுதோறும் அச்சில் ஒரு மலர் என்பவை அவர் வாக்குறுதிகள். ராஜேந்திரன் மலேசியாவிலிருந்து வந்தவர். ஒனிஹங்காவில் டெய்ரி என்று இங்கே சொல்லும் தெருமுனைக் கடை நடத்தினார். பாலுக்கும் பாண் ரொட்டிக்கும் வருகிறவர்கள் எல்லாரும் தமக்கே வாக்களிப்பார்கள் என்று நம்பினார். மூன்றாமவர் வசந்தா அக்கா. திருநெல்வேலிக்காரர், மருத்துவமனைத் தாதி. அவரை முன்னிறுத்தியவன் நான்.

வசந்தா அக்காவிடம் மண்டபத் திட்டம் இல்லை. அவர் கேட்டது ஒரு கடிதம். சங்கத் தலைவரின் கையெழுத்தோடு மருத்துவமனைக்கு ஒரு கடிதம்: தமிழ் மட்டுமே அறிந்த நோயாளிக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளரை அழையுங்கள் என்று. இதற்கு ஏன் தலைவராக வேண்டும் என்று சிரித்தவர்கள் உண்டு. சிரித்தவர்களுக்கு ஆங்கிலம் தெரியும். புக்கெகோஹியில் வெங்காயமும் கரட்டும் தரம்பிரித்துப் பொதிசெய்யும் கொட்டகைகளில் நின்ற நம் பெண்களுக்குத் தெரியாது. யாழ்ப்பாணப் பக்கத்துப் போரிலிருந்து வந்து ஓராண்டு, ஈராண்டு ஆனவர்கள். அவர்களுள் கமலி என்பவருக்கு வயிற்றில் ஒரு கட்டி இருந்தது. வைத்தியர் விளக்கம் சொல்ல வேண்டிய நாளில், 'இந்தியர்தானே' என்று எண்ணி, வார்டைத் துப்புரவாக்கும் ஒரு ஹிந்திக்காரரைக் கூட்டிவந்து நிறுத்தினார்கள். அவர் ஹிந்தியில் சொன்னார். கமலி மரியாதைக்குத் தலையாட்டினார். சத்திரசிகிச்சை தேவையில்லை என்று விளங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, வைத்தியசாலைக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டிவைத்துவிட்டு வேலைக்குப் போனார். சனிக்கிழமைகளில் தம் காரில் அங்கே போகும் வசந்தா அக்கா, தேநீருக்குப் பால் எடுக்கப் போனவர், அந்தக் கடிதத்தைப் படித்தார். அதில் இருந்தது சத்திரசிகிச்சைக்கான நாள். அது கடந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அவர் கமலியை அக்கம்பக்கத்தார் கேட்கத் திட்டித் தீர்த்து, உடுத்தியிருந்த உடுப்போடு காரில் ஏற்றிக்கொண்டு போனார். கமலி பிழைத்தார்.

இதுதான் பந்தயத்தில் இருந்தது. மண்டபமும் பதவியும் எனக்கும் உங்களுக்கும். அந்தப் பெண்களுக்கு அந்தக் கடிதம்.

யாழ்ப்பாணத்தவனாகிய நான் வசந்தா அக்காவின் பக்கம் நின்றது நியாயத்துக்காக என்று அன்று சொன்னேன். பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன்: அவர் தோற்பார் என்று எல்லாரும் சொன்னார்கள். தோற்கும் தரப்பைப் பேச்சால் தூக்கி நிறுத்துகிறவனே பேச்சாளன் என்ற செருக்கு எனக்கு. பள்ளிக் காலத்திலிருந்து கோப்பைகள் வாங்கியவன். என் வாக்கியம் ஒன்றை எவரும் தொடுவதற்கு விட்டதில்லை.

முதல் ஞாயிறு ஒனிஹங்கா. வசந்தா அக்காவுக்கு நான் எழுதிக்கொடுத்த உரை மண்டபத்தை அசைத்தது என்றால் அது மிகையில்லை. டெய்ரியின் சொந்தத் தெருவிலேயே ராஜேந்திரன் மூன்றாமிடத்துக்குப் போனார்; மாஸ்டர் இரண்டாமிடம். மறுநாளே ராஜேந்திரன் போட்டியிலிருந்து விலகி, பால் பெட்டிகளுக்கு நடுவில் வசந்தா அக்காவின் கையைக் குலுக்கி, தம் ஆதரவாளர்களைத் திருப்பிவிடுவதாக வாக்களித்தார். அதுவரை எங்களுக்குத் தொலைபேசாதவர்கள் தொலைபேசினார்கள். ஒருவர் அடுத்த செயற்குழுவில் தமக்கு எந்த இடம் என்று என்னிடமே கேட்டார். வென்றுவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த வாரம் ஒரு துண்டுப்பிரசுரம் போட வேண்டியிருந்தது. வசந்தா அக்கா ஒரு தாளில் தாமே எழுதித் தந்தார்: "புக்கெகோஹியில இருக்க நம்ம பொண்ணுங்க எல்லார்கிட்டயும் உக்காந்து பேசியிருக்கேன். அவங்க கஷ்டத்தக் கேட்டிருக்கேன்." எனக்கு அது தளர்வாகத் தெரிந்தது. மேடையில் நிற்காத வாக்கியம். நான் அதைச் செதுக்கினேன். 'எல்லார்கிட்டயும்' போயிற்று. 'உக்காந்து' போயிற்று. எஞ்சியது இது:

"புக்கெகோஹியில் நான் பேசாத பெண் இல்லை, நான் கேளாத துயர் இல்லை."

தடித்த எழுத்தில், தாளின் தலையில். பார்த்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

உங்களில் யாழ்ப்பாணத்துக் காது உள்ளவர்களுக்கு இதற்குள் விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். தமிழ்நாட்டவர் பேசுவார்; நாங்கள் கதைப்போம். எங்கள் வீடுகளில் 'அம்மா பேசினவ' என்றால் அம்மா திட்டினார் என்று பொருள். 'பெண்ணோடு பேசினேன்', 'பெண்ணைப் பேசினேன்' என்று விரித்து எழுதினால் வேற்றுமை உருபு பொருளைக் காத்துக்கொள்ளும். 'பேசாத பெண்' என்று சுருக்கிய கணத்தில் அந்த உருபு விழுந்துவிடுகிறது. எங்கள் காதில் அந்த வாக்கியம் சொன்னது: புக்கெகோஹியில் நான் திட்டாத பெண் இல்லை. உட்கார்ந்து எவரும் திட்டுவதில்லை. நான் வெட்டி எறிந்த அந்த ஒரு சொல் இருந்திருந்தால் இந்த வழக்கே பிறந்திருக்காது.

எனக்கு எப்படிக் கேட்கவில்லை? அந்தத் தமிழில் பேச்சு வாங்கியே வளர்ந்தவன் நான். மேடைத் தமிழ் ஏறிய காதில் வீட்டுத் தமிழ் ஏறவில்லை. வேறு விளக்கம் என்னிடம் இல்லை.

இரண்டாம் ஞாயிறு, மவுண்ட் வெல்லிங்டன். ஞானசேகரம் மாஸ்டர் எங்கள் துண்டுப்பிரசுரத்தோடு மேடை ஏறினார். கண்ணாடியை மாட்டி, ஒரு முறை நிதானமாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"ஓம், நாங்களும் கேள்விப்பட்டனாங்கள்," என்றார். "எங்கட பிள்ளையள் வாரம் முழுக்க வெங்காயத்தோட நிண்டு அழுறது காணாதெண்டு, சனிக்கிழமையில தாதியம்மாட்டையும் பேச்சு வாங்கி அழுகினமாம். தானே அச்சடிச்சுத் தந்திருக்கிறா."

மண்டபத்தின் ஒரு பாதி வெடித்துச் சிரித்தது. மறுபாதி, தமிழ்நாட்டவர், எதற்குச் சிரிப்பென்று விளங்காமல் திரும்பித் திரும்பிப் பார்த்தது. மேடையில் உட்கார்ந்திருந்த வசந்தா அக்கா, சிரிப்பது மரியாதை என்று எண்ணித் தாமும் சிறிது சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மறக்கவில்லை. பிறகு அடுத்த இருக்கையிலிருந்த என் பக்கம் சாய்ந்து மெல்லக் கேட்டார்: "தம்பி, ஏன் சிரிக்காங்க?"

"ஒண்டுமில்லை அக்கா," என்றேன். "தோக்கிற ஆக்களின்ர சிரிப்பு."

கணக்கு வாத்தியாருக்கு அந்த வாக்கியத்தின் சரியான பொருள் தெரியாதா? தெரியும். சிரித்த ஒவ்வொருவருக்கும் தெரியும். அந்த மனிதர்கள் நாள்தோறும் அச்சில் படிக்கும் தமிழில் பேசுதல் என்பது பேசுதல்தான். தெரிந்துகொண்டே தெரியாதவர்போல நடித்தார்கள். வெளியூர்க்காரி ஒருத்தி நம் பெண்களைத் திட்டுகிறாள் என்று கதை கட்டுவது அவர்களுக்கு வசதியாக இருந்தது. அந்த வசதிக்காகப் பெண்களின் வயிற்றுக் கட்டியை மறந்தார்கள். இந்த ஆத்திரம் எனக்கு அன்றும் இருந்தது, இன்றும் ஆறவில்லை. ஆனால் வாளைச் செய்து, தீட்டி, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டியவன் நான்.

மவுண்ட் வெல்லிங்டன் எங்கள் கையைவிட்டுப் போனது. திங்கட்கிழமை தொலைபேசி ஓய்ந்தது. செயற்குழுவில் இடம் கேட்டவர் என்னைக் கண்டு தெருவைக் கடந்தார். ராஜேந்திரனின் டெய்ரிக்குப் போனேன். எங்கள் துண்டுப்பிரசுரங்கள் கல்லாப் பக்கத்திலிருந்து காணாமல் போயிருந்தன.

"தம்பி, எனக்குப் பேசறதும் ஒன்னுதான், கதைக்கறதும் ஒன்னுதான் லா," என்றார் அவர், பாண் அடுக்கியபடி. "ஒங்க ரெண்டு கூட்டமும் என் கடைக்குத்தான் வருது. நான் எந்த வாயால சிரிக்கறது?" அந்த வார இறுதிக்குள் அவர் மாஸ்டரின் காரில் ஏறிவிட்டார். போவதற்குமுன் ஓர் உபகாரம் செய்தார்: அந்தச் சிரிப்பின் பொருளை வசந்தா அக்காவிடம் சொல்லிவிட்டார்.

மூன்றாம் ஞாயிறு காலை, தெற்கு நெடுஞ்சாலையில் புக்கெகோஹியை நோக்கி அக்கா கார் ஓட்டினார். நான் பக்கத்து இருக்கையில். பின்னிருக்கையில், நகரில் ஓர் உறவுக்காரர் வீட்டுக்கு வந்திருந்த கமலி. மழை.

"நீ யாழ்ப்பாணம்தானே?" என்றார் அக்கா. "உனக்குத் தெரியாதா?"

நான் இலக்கணம் சொன்னேன். செந்தமிழில் அந்த வாக்கியத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றேன். குற்றம் கேட்டவர் காதில் என்றேன். நெடுஞ்சாலையைவிட்டு இறங்கிச் சிவந்த மண் வயல்கள் தொடங்கும் வரை விளக்கினேன். அக்கா சாலையையே பார்த்து ஓட்டினார். இரவுப்பணி முடித்து நேராக வந்த முகம் அது.

"சரி," என்றார் கடைசியில். "நான் எழுதிக் குடுத்ததுல உக்காந்துன்னு ஒண்ணு இருந்துச்சு. அத ஏன் எடுத்த?"

"நீளம், அக்கா."

பின்னிருக்கையிலிருந்து கமலி மெல்லத் தொண்டையைச் செருமினார். கடைசிப் பதிலுரைக்கு ஐந்து நிமிடம் உண்டென்றும், வேட்பாளருக்குப் பதிலாக அவர் தரப்பில் ஒருவர் அதைச் சொல்லலாம் என்றும் அவருக்குத் தெரிந்திருந்தது. தான் எழுந்து இரண்டு வசனம் சொல்லட்டுமா என்று கேட்டார்.

"அவ பேசட்டும்," என்றார் அக்கா. "விட்டுரு."

இங்கேதான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். நேரம் ஐந்து நிமிடம். கிளை கடைசிக் கிளை. ஒருபக்கம், வாழ்க்கையில் ஒலிவாங்கியைத் தொட்டறியாத ஒரு பெண். அழுதுவிடலாம், வசனம் தடுமாறலாம், நேரம் தீர்ந்துபோகலாம். மறுபக்கம் நான். என் தீர்ப்பு ஒரு நொடியில் முடிந்தது. அழுதால் அனுதாபம் கிடைக்கும், வாக்குக் கிடைக்காது என்றேன். மாஸ்டருக்கு அவர் பாணியிலேயே பதில் கொடுக்க வேண்டும், அதை என்னிடம் விடுங்கள் என்றேன். கமலி "ஓம் தம்பி" என்றார். வைத்தியசாலையில் ஹிந்திக்காரருக்குத் தலையாட்டியதும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று எனக்குப் பின்னால்தான் தோன்றியது.

மண்டபத்தின் முன்வரிசைகளில் புக்கெகோஹிக்காரர்கள். கொட்டகைப் பெண்கள் இருபது பேர்போல, பனிக்குப் போட்ட கம்பளிச் சட்டையோடு. பின்வரிசைகளில் என் பேச்சைக் கேட்பதற்காகவே ஒனிஹங்காவிலிருந்தும் மவுண்ட் வெல்லிங்டனிலிருந்தும் கார்களில் வந்தவர்கள். நான் எழுந்தேன். பிறகு நடந்தது உங்களுக்குப் பாடம். "ஒருவர் பேசினார் என்பது குற்றச்சாட்டு. குற்றம் சாட்டியவர் என்ன செய்கிறார்? கதைக்கிறார். மண்டபம் வருமென்று கதைக்கிறார். மலர் மலருமென்று கதைக்கிறார். கதைக்கிறார், கதைக்கிறார், கதைத்துக்கொண்டே இருக்கிறார். பேச்சுக்குப் பின்னால் செயல் வரும். கதைக்குப் பின்னால் தூக்கம்தான் வரும்."

நாடாவில் கைதட்டல் அந்த இடத்தில் எழுகிறது. எழட்டும். தட்டியவர்கள் பின்வரிசைக்காரர்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்தக் கிளையில் வாக்கில்லை.

முன்வரிசை அசையவில்லை. 'கதைக்கிறது' அவர்கள் சொல். குண்டுச் சத்தத்துக்கு நடுவில் பிள்ளைகளோடு கதைத்ததும், கடல் கடந்த உறவோடு வரிசையில் நின்று தொலைபேசியில் கதைத்ததும் அந்தச் சொல்லால். அதை எடுத்து, வாக்கில்லாதவர்களின் சிரிப்புக்காக, அவர்கள் முகத்துக்கு நேரே கிழித்துக்காட்டியவன் அவர்களுடைய ஊர்ப் பையன். மாஸ்டர் எங்கள் சொல்லைத் திரித்தார். நான் அவர்கள் சொல்லையே அவமதித்தேன். நான் இருக்கையில் அமர்ந்தபோது முன்வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "எங்களையெல்லோ நெளிக்கிறான்" என்றது எனக்குத் தெளிவாகக் கேட்டது. நெளிப்பது என்றால் எங்கள் ஊரில் பழித்துக்காட்டுவது.

வாக்கெண்ணினார்கள். இரண்டு கை விரல்களுக்குள் அடங்கும் வித்தியாசத்தில் வசந்தா அக்கா தோற்றார்.

மாஸ்டர் வந்து என் தோளில் தட்டினார். "பேச்செண்டால் உன்ரதுதான் பேச்சு. எங்களுக்கு நல்லா உதவினனி," என்றார். பக்கத்தில் நின்ற ராஜேந்திரன் சிரித்தார். எந்த வாயால் சிரிப்பதென்று அவருக்கு அன்று சந்தேகம் இருக்கவில்லை. மருத்துவமனைக் கடிதத்தை இனிமேலாவது போடுவீர்களா என்று கேட்டேன். பொதுக்கூட்டம் முடியட்டும், மண்டபக் காணி முடியட்டும், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார் மாஸ்டர். அந்தக் கடிதம் அவருடைய பதவிக் காலம் முழுவதும் எழுதப்படவில்லை. அடுத்த ஆண்டு அக்காவின் பணிநேரம் சனிக்கிழமைக்கு மாறியது. அதன்பின் அந்தப் பெண்களைப் பார்க்க யார் போனார்கள் என்று கேட்காதீர்கள். மண்டபமும் வரவில்லை.

கதிரைகளை மடித்துச் சுவரோரம் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். கமலி என்னிடம் வந்தார். அவர் கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் விளக்கம் சொல்வதுபோல, பொறுமையாகச் சொன்னார்:

"தம்பி, அக்கா என்னைப் பேசினவதான். பொய்யில்லை. எல்லாருக்கும் முன்னால நிண்டு பேசினவ. பேசினபடியாத்தான் இண்டைக்கு நான் உயிரோட நிக்கிறன். அவ்வளவுதான் சொல்ல நினைச்சனான். அரை நிமிசமும் போயிராது."

அந்த மூன்று ஞாயிறுகளிலும் அந்தச் சிரிப்பை அடக்கக்கூடிய ஒரே பதில் அது. மாஸ்டர் திரித்த பொருளையே ஏற்றுக்கொண்டு, அதையே மாலையாக்கி அக்காவின் கழுத்தில் போட்டிருக்கும். முன்வரிசையில் ஒரு பெண்ணும் சும்மா இருந்திருக்கமாட்டாள். அவர்களில் பாதிப்பேர் அக்காவிடம் பேச்சு வாங்கியவர்கள்தான். கோப்பைகள் வாங்கிய என் மூளைக்கு எட்டாத அந்த எதிர்வாதம், என் பின்னிருக்கையில் மழையைப் பார்த்துக்கொண்டு வந்தது. நான்தான் அதை வாய்மூட வைத்தேன்.

வசந்தா அக்கா கார்ச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றார். கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை. பேசியிருக்கலாம், எங்கள் ஊர்ப் பொருளில். அதற்கு நான் தகுதியானவன்.

அந்தப் பேச்சை மனப்பாடம் செய்தவர்களே, அதை மறந்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். நாடா அதற்கு முன்பே ஓடி முடிந்திருந்தது. கதிரை அடுக்கியவர்கள் நின்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, மாஸ்டர் வாசலில் நின்று கேட்கும் அளவுக்கு, மேடைக் குரலை விட்டுவிட்டு உரக்கச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் நாங்கள் உட்கார்வதை 'இருக்கிறது' என்போம். அன்று நான் வெட்டி எறிந்த அக்காவின் சொல்லை எடுத்துத்தான் சொன்னேன்:

"கமலி அக்கா, ஒருத்தர் தன்ர வாயால சொல்லக்கூடியதை இனி நான் அவருக்காண்டிச் சொல்ல மாட்டன். மைக்கை அவரிட்டைக் குடுத்திட்டு, உக்காந்து கேப்பன்."